கோயில் நிதியிலிருந்து எச்.ஐ.வி. உதவி: எதற்குக் கொடுப்பது, கணக்கை எப்படி வைப்பது?

கோயில்வாசல்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் இளைஞர் குழு, ஆடிக் கூழ் ஊற்றி முடிந்ததும் பெரிய அளவில் சைவ பிரியாணி விற்பனை நடத்தப் போகிறது. வரும் பணத்தை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் பாலியல் நலத்துக்கும் ஒதுக்குவது என்று குழுவில் முடிவாகிவிட்டது. அறங்காவலர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். மருந்தை அரசே இலவசமாகத் தருகிறதே, நாம் எதற்கு? நம் ஆட்களிடம் இந்த நோய் குறைவுதானே? இது தவிர, நன்கொடை தருவோர் வரிக்கழிவுக்கான 18ஏ ரசீது கேட்கிறார்கள். கோயில் பெயரில் அந்த ரசீது தர முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் தம்பி. அறங்காவலர்கள் சொல்வது எண்ணிக்கை அளவில் உண்மைதான். 2012-ல் எடுத்த தேசிய வீட்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 12.2 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது, இந்திய, ஆசிய வம்சாவளியினரிடம் 0.8 சதவீதம். 2022 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த அளவு 12.7. இந்தக் குறைவான எண்தான் சிக்கலைத் தொடங்கி வைக்கிறது. "நம்மவருக்கு வராது" என்று வீட்டிலும் நினைக்கிறார்கள், சில நேரம் குடும்ப டாக்டரும் அப்படியே நினைக்கிறார். ஐம்பது வயது அம்மா மெலிந்துகொண்டே போனால் சர்க்கரை பார்ப்பார்கள், தைராய்டு பார்ப்பார்கள், காசநோய்கூடப் பார்ப்பார்கள், எச்.ஐ.வி. கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதற்குள் நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே போயிருந்தால் மூளைக்காய்ச்சல், நிமோனியா என்று வரிசையாக வரும்.

இன்னொன்று, சிறு சமூகத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ன் குழுப்பகுதிச் சட்டம் கொண்டுவந்து சேர்த்த ஊர் சாட்ஸ்வர்த். மூன்று தலைமுறையாக அதே தெரு, அதே கோயில், அதே கிளினிக். பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் சித்தி முறையாக இருப்பாள். அதனால் பக்கத்து கிளினிக்கை விட்டுவிட்டு இரண்டு டாக்சி மாறி தூரத்து கிளினிக்குப் போகிறார்கள். மருந்து இலவசம், டாக்சி இலவசமில்லை. முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி: இந்நாட்டில் எச்.ஐ.வி. மாத்திரையை அரசு பெரும்பாலும் தன் பணத்தில்தான் வாங்குகிறது. அமெரிக்காவின் எச்.ஐ.வி. உதவித் திட்டமான பெப்ஃபாரின் பணம் மொத்தச் செலவில் ஏறக்குறைய 17 சதவீதம். அது பெரும்பாலும் ஆட்களின் சம்பளத்துக்குப் போனது: ஆலோசகர், வராதவரைத் தேடிப் போகும் ஊழியர், தரவு பதிபவர், திருநங்கையருக்கும் பாலியல் தொழிலாளருக்கும் ஊசி போட்டுக்கொள்வோருக்கும் நடந்த தனி கிளினிக்குகள். 2025 ஜனவரியில் அந்தப் பணம் நிறுத்தப்பட்டபோதும் மாத்திரை அலமாரி அப்படியே இருந்தது. மாத்திரையைக் கையில் கொடுத்து "அடுத்த மாதமும் வாங்க அக்கா" என்று சொன்ன ஆள் போய்விட்டார். உங்கள் நிதி அந்த இடைவெளிக்குப் போகட்டும். மாத்திரை வாங்காதீர்கள்.

ரசீதுக்கட்டு

18ஏ பற்றி நான் சொல்கிறேன்.

வருமானவரிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைக்கு இரண்டு பகுதி. முதல் பகுதியில் இருக்கும் பணியைச் செய்தால் 30-ஆம் பிரிவின்படி பொதுநல அமைப்பாக வரிவிலக்கு வாங்கலாம். சமயப் பணி அதில் உண்டு, ஆகவே கோயிலுக்கு வரிவிலக்கு கிடைக்கும். நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 18ஏ ரசீதுக்கு இரண்டாம் பகுதியில் இருக்கும் பணி வேண்டும். சமயம் அதில் கிடையாது. எச்.ஐ.வி. தடுப்பும் விழிப்புணர்வும் அதில் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பராமரிப்பு, ஆலோசனை, சிகிச்சை தருவதும் அப்படியே.

எனவே கோபுரத் திருப்பணிக்கு வந்த பணத்துக்கு 18ஏ கிடையாது. எச்.ஐ.வி. நிதிக்கு உண்டு, ஆனால் வரித்துறையான சார்ஸ் தனியாக 18ஏ ஒப்புதல் தந்த பிறகுதான். இரண்டு பணியையும் ஒரே அமைப்பு செய்தால் ரசீது போட்ட பணம் முழுவதும் இரண்டாம் பகுதிப் பணிக்கே போனது என்று தணிக்கைச் சான்று வாங்கி வைக்க வேண்டும். ஒரே வங்கிக் கணக்கில் உண்டியல் பணமும் இதுவும் கலந்தால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட மாட்டார். முதல் நாளே தனிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

விண்ணப்பம் இஐ1 படிவம். திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம் அமைப்பின் சட்டவிதிதான். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பேற்க வேண்டும், முடிவுகள் எந்தத் தனி ஆளின் பிடியிலும் இருக்கக் கூடாது, கலைக்கும்போது மீதிச் சொத்து இன்னொரு பொதுநல அமைப்புக்கே போக வேண்டும். இந்த வரிகள் விதியில் அப்படியே இருக்க வேண்டும். நம் கோயில்களில் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் மாமன் மச்சானாக இருப்பது வழக்கம். அங்கேதான் இடிக்கும்.

பிரியாணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பொட்டலம் வாங்கியவருக்கு 18ஏ ரசீது எழுதக் கூடாது. அவர் பணம் கொடுத்துப் பொருள் வாங்கியிருக்கிறார், அது நன்கொடை ஆகாது. பொட்டலமே வேண்டாம் என்று 500 ராண்ட் கொடுத்துவிட்டுப் போனவருக்கு எழுதலாம். விற்பனை லாபத்துக்கு வரி வருமே என்று பயப்பட வேண்டாம்: எப்போதாவது நடப்பதாகவும், சமைப்பவரும் கட்டுபவரும் கூலி வாங்காத தொண்டர்களாகவும் இருந்தால் அந்த வருமானத்துக்கு விலக்கு உண்டு. மாதாமாதம் செய்து சமையலுக்கு ஆள் வைத்தால் அந்த வாதம் நிற்காது. ராஃபிள் (குலுக்கல் பரிசு) சீட்டு அச்சடிக்கும் யோசனை இருந்தால் முதலில் லாட்டரிச் சட்டத்தின் விதிகளைப் பாருங்கள், எடுத்த எடுப்பில் விற்கக் கூடாது.

கோயில்வாசல்

நன்றி அண்ணே. ஒப்புதல் வருவதற்குள் ஆடி முடிந்துவிடுமே. அதுவரை என்ன செய்வது?

ரசீதுக்கட்டு

முதல் வருடம் சொந்தமாக எதுவும் தொடங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. எச்.ஐ.வி. பணிக்கே 18ஏ ஒப்புதல் வைத்திருக்கும் அமைப்பு ஒன்றோடு இரண்டு பக்க ஒப்பந்தம் போடுங்கள். நன்கொடையாளர் நேரே அவர்கள் கணக்கில் போடட்டும், ரசீதை அவர்களே எழுதுவார்கள். எந்தச் செலவுக்கு, எந்தப் பகுதிக்கு, எவ்வளவு சதவீதம் நிர்வாகத்துக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வாங்குங்கள். அவர்களுடைய இலாபநோக்கற்ற அமைப்பு எண் உயிரோடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை போடாவிட்டால் பதிவு ரத்தாகும். நல்ல வேலை செய்யும் எத்தனையோ சிறு அமைப்புகள் இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன.

2023 மார்ச் முதல் 18ஏ ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், வரி எண், முகவரி, தொடர்பு விவரம் எல்லாம் வேண்டும். விற்பனை நாளில் வரிசையில் நிற்பவரிடம் வாங்கிவிடுங்கள். வரி ஆண்டு முடியும் பிப்ரவரி கடைசியில் போன் போட்டுக் கேட்டால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள்.

துகேலா

கம்பெனிப் பணத்தை விட்டுவிட்டீர்களே. கறுப்பினரின் பொருளாதார மேம்பாட்டுக்குக் கம்பெனிகள் செய்வதை அளக்கும் பிஇஇ மதிப்பெண்ணில் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கு 5 புள்ளி, வரிக்குப் பிந்திய லாபத்தில் 1 சதவீதம். முழு மதிப்பும் கிடைக்கப் பயனாளிகளில் 75 சதவீதமாவது கறுப்பின மக்களாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் கறுப்பினர் என்றால் ஆப்பிரிக்கர், கலப்பினர், இந்தியர் மூவரும், குடியுரிமைதான் நிபந்தனை. "இந்தியர் பகுதிக்குக் கொடுத்தால் புள்ளி வராது" என்று நினைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள், சட்ட வரியைக் காட்டுங்கள்.

ஆனால் கம்பெனிக்காரர்கள் பயனாளிப் பட்டியலும் காசோலை கொடுக்கும் படமும் கேட்பார்கள். எச்.ஐ.வி. நிதியில் அதை எப்படிக் கொடுப்பது?

மருந்துப்பெட்டி

கொடுக்கவே கூடாது, துகேலா. இந்த இழையிலேயே முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவரின் உடல்நிலை, தனிநபர் தகவலைக் காக்கும் போபியா சட்டப்படி சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். சட்டம் இருக்கட்டும், சாட்ஸ்வர்த்தில் ஒரு படம் வெளியானால் அந்தக் குடும்பத்தில் நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுபோகும்.

கம்பெனிக்கு எண்ணிக்கையும், இனவாரிப் பகுப்பும், வெளியாள் ஒருவர் சரிபார்த்த சான்றுக் கடிதமும் போதும். படம் வேண்டுமென்றால் மருந்துப் பெட்டியையோ தொண்டர்களையோ எடுக்கட்டும்.

உள்ளே கணக்கு இப்படி இருக்கட்டும். இரண்டு நோட்டு. ஒன்றில் பெயர், போன், ஒரு குறியீட்டு எண். அது ஆலோசகரிடம் பூட்டிய அலமாரியில் இருக்கும். பொருளாளர் கண்ணில்கூடப் படக் கூடாது. மற்றதில் தேதி, குறியீட்டு எண், தொகை, எதற்கு, இரண்டு பேரின் சுருக்கொப்பம். பொருளாளருக்கும் தணிக்கையாளருக்கும் இந்த இரண்டாவது நோட்டுத்தான். பத்துப் பதிவைத் தானே தேர்ந்தெடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று தணிக்கையாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ரகசிய உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆலோசகர் எதிரில் அந்தப் பத்தை மட்டும் பார்க்கட்டும்.

தவறு எங்கே நடக்கும் தெரியுமா? வங்கியில். பேருந்துக் காசை இஎஃப்டியில் (வங்கிப் பரிமாற்றத்தில்) அனுப்புகிறீர்கள், குறிப்பில் "எச்.ஐ.வி. நிதி" என்று இருக்கிறது, குறுஞ்செய்தி மாமியார் கையில் இருக்கும் போனுக்குப் போகிறது. அவ்வளவுதான். கணக்கின் பெயரே "நல நிதி" மாதிரி பொதுவாக இருக்க வேண்டும். வேனில் எழுத்து வேண்டாம், உறையில் முத்திரை வேண்டாம். பணம் வாங்கியதற்குக் கையெழுத்துத் தாள் ஒன்றை வரிசையாகச் சுற்றவிடுவார்கள்; அடுத்தவர் மேலே இருக்கும் பெயரையெல்லாம் படிப்பார். ஆளுக்கு ஒரு தனிச் சீட்டு.

டர்பன்தெற்கு

காவடி அன்று கோயில் வளாகத்தில் சோதனைக் கூடாரம் போடலாமே? ஆயிரக்கணக்கில் ஜனம் வருகிறது.

மருந்துப்பெட்டி

"எச்.ஐ.வி. சோதனை" என்று பலகை வைத்த கூடாரத்துக்கு யாரும் வர மாட்டார்கள் அண்ணே. வருபவரையும் ஊர் பார்க்கும். போட்டால் பொது நலக் கூடாரமாகப் போடுங்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்பளவு, விரும்பினால் எச்.ஐ.வி.யும் சிபிலிசும், எல்லாம் ஒரே மறைப்புக்குள். ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடிய உறை. ஒருவர் மட்டும் அரைமணி உள்ளே இருந்து அழுத கண்ணோடு வந்தால் மறைப்புப் போட்டும் பயனில்லை. பின்பக்கமாக வெளியே போக ஒரு வழி வையுங்கள்.

விரல்நுனி ரத்தச் சோதனை ஒன்றில் பாசிட்டிவ் வந்தால் அது முடிவல்ல. வேறு வகைக் கிட்டில் மறுபடி பார்க்க வேண்டும், அதன்பிறகுதான் சொல்ல வேண்டும். வீட்டில் செய்யும் எச்சில் கிட் கொடுத்தாலும் இதே விதி. அந்தக் கிட்டில் இடறும் இடங்கள்: சாப்பிட்டு, குடித்து 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும், குறித்த நேரத்துக்கு முன்னால் படித்தாலும் தவறு, மறந்துபோய் மறுநாள் காலை படித்தாலும் தவறு, ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு நெகட்டிவ் காட்டக்கூடும், கடந்த மூன்று மாதத்துக்குள் தொற்றியிருந்தாலும் காட்டாமல் போகலாம். பெட்டிகளைக் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் கூடாது என்று பெட்டியிலேயே இருக்கும், பிப்ரவரி டர்பன் வெயிலில் டிக்கி அதைத் தாண்டிவிடும். ஆணுறைக்கும் அதேதான்.

கிட்டோடு ஒரு போன் எண் கட்டாயம். அந்த எண்ணை எடுப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது உங்கள் நிதியின் ஆகச் சிறந்த செலவு.

ஃபீனிக்ஸ்தங்கை

மாத்திரை எடுப்பவர்களுக்கு நடைமுறையில் என்ன உதவி தேவைப்படுகிறது அக்கா? பட்ஜெட் எழுத வேண்டும்.

மருந்துப்பெட்டி

போக்குவரத்தை முதலில் போடு தங்கை. கணக்குக்காக 40 பேர், ஆளுக்கு வருடம் 6 பயணம், போகவர 60 ராண்ட் என்று வை: 14,400 ராண்ட். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் மாதங்களில் அதிகப் பயணம் வரும். ரத்தத்தில் வைரஸ் அளவு 50-க்குக் கீழே வந்து நிலையானவர்கள் சிசிஎம்டிடி என்ற அரசு மருந்து விநியோகத் திட்டத்தில் சேரலாம். இரண்டு மூன்று மாத மருந்தைப் பக்கத்து மருந்தகம் போன்ற இடத்தில் வாங்கலாம், கிளினிக் வரிசை இல்லை. அந்தத் திட்டத்தில் சேர்த்துவிடுவதே ஆலோசகரின் வேலை என்று எழுதிக்கொள். பயணச் செலவும் குறையும், பார்ப்பவர் கண்ணும் குறையும்.

அவசரக் கைப்பணம் தனியாக வேண்டும். பாலியல் வன்முறைக்குப் பிறகு தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முன்னால் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாள் எடுக்க வேண்டும். சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும் ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் துதுசேலா மையம் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்கு அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற காருக்குக் காசு யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

பிறகு நம் சமூகத்துக்கே உரிய ஒன்று, இதற்கு ஒரு மருந்தாளுநரின் நேரத்தை வாங்கிக் கொடுங்கள். இங்கே பெரும்பாலோர் எடுக்கும் எச்.ஐ.வி. கூட்டு மாத்திரையான டிஎல்டியில் டொலுடெக்ராவிர் இருக்கிறது. அது சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை ரத்தத்தில் கூட்டிவிடும். டொலுடெக்ராவிர் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இருவேளை, அதற்கு மேல் கூடாது. நம்மவரில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. என்ன நடக்கிறது என்றால், எச்.ஐ.வி. மாத்திரை தூரத்து கிளினிக்கில், சர்க்கரை மாத்திரை குடும்ப டாக்டரிடம். அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் 850 மூன்று வேளை எழுதுவார். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், நோயாளி "எச்.ஐ.வி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதை நிறுத்துவார். சிறுநீரகமும் பழுதாக இருந்தால் லாக்டிக் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்து. அதே மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிருக்கும் சிறுநீரகப் பரிசோதனை வேண்டும், சர்க்கரைக்காரருக்கு இது இரட்டை அவசியம்.

கால்சியம், இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் சேர்த்து எடுத்தால் டொலுடெக்ராவிர் உடலில் ஏறாது. சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். அப்படி முடியாவிட்டால் டிஎல்டியை இரண்டு மணி நேரம் முன்னால் அல்லது ஆறு மணி நேரம் பின்னால்.

கோயில்வாசல்

காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம்.

மருந்துப்பெட்டி

நிறுத்த வேண்டாம். டிஎல்டி ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம், தண்ணீர் போதும். பூசாரி வாயால் இதைச் சொல்லவையுங்கள். "தினம் மருந்து எடுப்பவர்கள் விரதத்திலும் எடுக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் சர்க்கரைக்காரரும் கேட்பார், யாரையும் சுட்டியதாக இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். மாத்திரைப் புட்டி கைப்பையில் குலுங்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து மாத்திரைகளைப் பிளாஸ்டிக் பையில் கொட்டி வைக்கிறார்கள். புட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பை இருக்கும், டர்பன் ஈரக்காற்றில் அது தேவை. ஒரு வாரத்துக்கு ஏழு மாத்திரையை மட்டும் நாட்பெட்டியில் போட்டுக்கொண்டு, மீதியை மூடிய புட்டியிலேயே, மேலே கொஞ்சம் பஞ்சு அடைத்து வைத்தால் சத்தமும் வராது. நாட்பெட்டி வாங்கிக் கொடுங்கள், சர்க்கரைக்கும் அதுதான் என்பதால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

டர்பன்தெற்கு

இளைஞர்களுக்கு ஆணுறை கொடுப்பதை அறங்காவலர்கள் ஒப்புவார்களா? பெற்றோர் வருவார்களே சண்டைக்கு.

துகேலா

குழந்தைகள் சட்டப்படி 12 வயதுக்கு மேற்பட்டவர் கேட்டால் ஆணுறை மறுக்கக் கூடாது, எச்.ஐ.வி. சோதனைக்கும் அந்த வயதில் தானே சம்மதம் தரலாம். ஆனால் சந்நிதி வாசலில் டப்பா வைத்து மல்லுக்கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரசு தரும் மேக்ஸ் ஆணுறை இலவசம், மண்டபத்தின் கழிவறையில், ஆண் பெண் இரண்டு பக்கமும் வைத்தால் போதும், எண்ணாமல் நிரப்புங்கள். எண்ணெயும் வாசலினும் லேட்டக்ஸைக் கெடுக்கும் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

பெண்களின் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனையையும் இதில் சேருங்கள். பாலியல் நலம் என்றால் அதுவும்தான். அரசு கிளினிக்கில் 30, 40, 50 வயதில் ஒவ்வொரு முறை, எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கண்டறிந்த உடனேயும் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும். அம்மாமார்கள் கூட்டமாகப் போக வேன் ஒன்று அமர்த்தினால் வருவார்கள், தனியாக அனுப்பினால் வர மாட்டார்கள்.

ஃபீனிக்ஸ்தங்கை

லாட்டரி நிதிக்கு விண்ணப்பிக்கலாமா?

ரசீதுக்கட்டு

இரண்டு வருடக் கணக்கறிக்கை வேண்டும் தங்கை, உங்களிடம் இல்லை. சிறு மானியம் 5 லட்சம் ராண்ட் வரை. அந்த அளவுப் பணத்தைச் செலவழித்துக் காட்ட ஆள்பலமும் வேண்டும். வந்த பிறகு தடுமாறுவதைவிட இரண்டு வருடம் சிறிதாக நடத்திவிட்டுக் கேளுங்கள். ஒரே மானியத்தை நம்பி ஆலோசகரை வைக்காதீர்கள். 2025-ல் என்ன ஆனது என்று பார்த்தோம். அவருடைய ஆறு மாதச் சம்பளம் கணக்கில் இருந்த பிறகே ஆளை எடுங்கள்.

கோயில்வாசல்

கடைசியாக ஒன்று அக்கா. அந்த போன் எண்ணைக் கழிவறைக் கதவில் ஒட்டப் போகிறோம். எந்த நேரம் ஆள் இருக்க வேண்டும்?

மருந்துப்பெட்டி

மாலை 6 முதல் 10 வரை, ஞாயிறும் சேர்த்து. வேலை நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது யாரும் இதைப் பேச மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வெறும் "ஹலோ" வந்தாலும் நீங்களாகத் திரும்பக் கூப்பிடாதீர்கள், அந்த போன் யார் கையில் இருக்கிறதோ தெரியாது. "எப்போது பேசலாம்?" என்று மட்டும் எழுதுங்கள். எண்ணைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், கீழே கிழித்தெடுக்கிற மாதிரி சிறு துண்டுகளாக. முதல் இரண்டு துண்டை நீங்களே கிழித்துவிடுங்கள். முதல் ஆளாகக் கிழிக்க எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும்.